அழித்த வரிசைகள் டிஸ்க்கிலேயே இருப்பது ஏன்? போஸ்ட்கிரெஸ் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகவும், உரிமக் கட்டணம் கட்டி வந்த தரவுத்தளத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு போஸ்ட்கிரெஸுக்கு மாறப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் சொந்தமில்லாத இலவசப் பொருளை நம்பி எப்படி இறங்குவது என்பது உங்கள் மேலாளரின் கவலை. உங்கள் கவலை வேறு. சோதனைச் சர்வரில் பெரிய அட்டவணை ஒன்றின் பாதி வரிசைகளை அழித்துப் பார்த்தீர்கள், டிஸ்க்கில் இடம் கொஞ்சமும் குறையவில்லை. "இது பல்கலைக்கழக மாணவர்கள் செய்த பழைய பரிசோதனையின் மிச்சமா, அல்லது நான்தான் எதையோ தவறாகச் செய்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், ஊழியர் பெயர்களைத் தமிழிலும் வைத்திருப்பதாகச் சொல்லி, அதில் சிக்கல் வருமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. பரிசோதனையின் மிச்சமா என்றால், ஆமாம், மிச்சமேதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தரவுத்தளங்களைப் பராமரிப்பதே என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போஸ்ட்கிரெஸின் நல்ல குணங்களில் பாதியும் தொல்லைகளில் பெரும்பகுதியும் 1986-இல் எடுக்கப்பட்ட ஒரே முடிவிலிருந்து வந்தவை. பழைய தரவின் மேல் புதிய தரவை எழுதக் கூடாது என்பதுதான் அந்த முடிவு. எதற்காக அப்படி முடிவெடுத்தார்களோ அந்தக் காரணங்கள் பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. முடிவு மட்டும் வேறொரு காரணத்துக்காக நிலைத்துவிட்டது. உங்கள் மேலாளர் கேட்டதற்கும் நீங்கள் கேட்டதற்கும் பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், தரவுகளை அட்டவணைகளாகக் கருதி, அவற்றின் உறவுகளைக் கணிதத்தால் கையாளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வோங் என்ற இரண்டு ஆசிரியர்கள் மாணவர்களை வைத்துக் கட்டிய தரவுத்தளம்தான் இங்க்ரெஸ். அதே காலத்தில் ஐபிஎம் கட்டிய சிஸ்டம் ஆர் திட்டத்திலிருந்து தரவை வினவும் எஸ்கியூஎல் மொழி பிறந்தது. இங்க்ரெஸுக்கு க்வெல் என்று தனி மொழி இருந்தது. க்வெல்தான் மேலானது என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு, ஆனால் சந்தை எஸ்கியூஎல் பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்டோன்பிரேக்கர் இங்க்ரெஸை ஒரு வணிக நிறுவனமாக்கிவிட்டுப் பெர்க்லிக்குத் திரும்பி, 1986-இல் அடுத்த திட்டத்தைத் தொடங்கினார். அதுதான் போஸ்ட்கிரெஸ். பணம் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்புகளிடமிருந்தும் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடமிருந்தும் வந்தது.

அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. அன்றைய தரவுத்தளங்களுக்கு எண், எழுத்து, தேதி ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வரைபடம் வரைகிறவரோ இயந்திரம் வடிவமைக்கிறவரோ தமக்கு வேண்டிய தரவு வகையைத் தாமே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பது முதல் ஆசை. இதற்காக எந்தெந்த வகைகள், செயற்கூறுகள், குறிகள் உள்ளன என்ற தகவலை நிரலுக்குள் புதைக்காமல், அதையும் அட்டவணைகளிலேயே வைத்தார்கள். 2001-இல் கனடாவில் ஒரு சிறு நிறுவனம் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற புவியியல் நீட்சியை எழுதி, உள் நிரலைத் தொடாமலே போஸ்ட்கிரெஸுக்கு வரைபடம் கற்றுக்கொடுத்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பயன்படுத்தும் பிஜிவெக்டர் என்ற நீட்சியும் அதே வாசல் வழியாக வந்ததுதான். நல்ல வடிவமைப்பு என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கும்போது நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

இரண்டாவது ஆசைதான் உங்கள் டிஸ்க் சிக்கலின் வேர். நம் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் தவறு வந்தால் அழிப்பான் தேட மாட்டார்கள். அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கீழே புது வரி எழுதுவார்கள், பழையதும் கண்ணில் படும்படி இருக்கும். ஸ்டோன்பிரேக்கர் தரவுத்தளத்தை அப்படி நடத்த நினைத்தார். வரிசையை மாற்றினால் புதிய பிரதி ஒன்று எழுதப்படும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படிச் செய்தால் மாற்றங்களைத் தனியே குறித்து வைக்கும் பதிவேடு தேவைப்படாது, சர்வர் விழுந்தாலும் உடனே எழுந்துகொள்ளும், போன மாதம் இந்த நேரத்தில் இருப்பு எவ்வளவு என்று கடந்த காலத்தையே வினவலாம் என்று கணக்குப் போட்டார். பழைய பிரதிகளைப் பின்னணியில் ஒரு செயல்முறை பொறுக்கியெடுத்து, ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய ஒளிவட்டுகளுக்கு அனுப்பும் என்பது திட்டம். அந்தச் செயல்முறைக்கு வைத்த பெயர்தான் வேக்குவம்.

கணக்கு தப்பியது. பதிவேடு இல்லாததால் ஒவ்வொரு பரிவர்த்தனையின் (ஒன்றாக நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முடிவிலும் மாறிய பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் எழுதியாக வேண்டியிருந்தது. மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகம் மலிவாகிவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட வடிவமைப்பு அது. அந்த நினைவகம் அப்போது மலிவாகவில்லை. ஒளிவட்டுக் காப்பகங்களும் அவர் எதிர்பார்த்ததுபோல் பரவவில்லை. தொடக்கத்தில் நிரலின் ஒரு பகுதியை லிஸ்ப் மொழியில் எழுதிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சி மொழிக்கு மாற்றிய தலைவலி தனி. 1994-இல் 4.2 பதிப்போடு பெர்க்லி கடையைக் கட்டியது. ஸ்டோன்பிரேக்கர் அதற்கு முன்பே இல்லஸ்ட்ரா என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார், அதைப் பின்னர் இன்ஃபார்மிக்ஸ் வாங்கிக்கொண்டது. கணினித் துறையின் மிக உயரிய டியூரிங் விருது 2014-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. நீங்கள் நிறுவியிருக்கும் மென்பொருளுக்கும் அவருக்கும் 1994-க்குப் பின் நேரடித் தொடர்பு கிடையாது.

இதை உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்: நாளைக்கு நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவர் அஞ்சுகிறாரே, அது ஏற்கெனவே ஒரு முறை நடந்துவிட்டது. பெர்க்லி கைவிட்ட நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று உரிமம் அனுமதித்தது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் அதில் எஸ்கியூஎல் மொழியைப் பொருத்தி, நிரலைக் கால்வாசி குறைத்து, போஸ்ட்கிரெஸ்95 என்று வெளியிட்டார்கள். 1996-இல் டொரோன்டோவில் இருந்த மார்க் ஃபோர்னியே சர்வர் இடம் கொடுக்க, அமெரிக்காவிலிருந்து புரூஸ் மோம்ஜியானும் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க்கிலிருந்து வாடிம் மிகீவும் இன்னும் சிலரும் மின்னஞ்சல் வழியாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆனது. பெர்க்லி வரிசையைத் தொடரும் விதமாக 1997 ஜனவரியில் 6.0 பதிப்பு வந்தது.

அவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதை எறிந்தார்கள் என்பதைப் பாருங்கள். கடந்த காலத்தை வினவும் வசதியை 6.2-இல் எடுத்துவிட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று ஸ்டோன்பிரேக்கர் தவிர்த்த பதிவேட்டை 2001-இல் 7.1 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே பதிவேட்டின் மேல்தான் 2005-இல் விரும்பிய நொடிக்கு மீட்டெடுக்கும் வசதியும், 2010-இல் இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் பிரதியெடுக்கும் வசதியும் கட்டப்பட்டன. மேலெழுதாத சேமிப்பு முறையை மட்டும் விடவில்லை. 1999-இல் 6.5 பதிப்பில் மிகீவ் அதை வேறொரு பயனுக்குத் திருப்பினார்: ஒரே நேரத்தில் பலர் ஒருவரையொருவர் தடுக்காமல் வேலை செய்ய.

அது நடக்கும் விதம் இது. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. எக்ஸ்மின் என்பது அந்த வரிசையை உருவாக்கிய பரிவர்த்தனையின் எண். எக்ஸ்மேக்ஸ் என்பது அதை நீக்கிய அல்லது மாற்றிய பரிவர்த்தனையின் எண். நீங்கள் ஒரு வினவலைத் தொடங்கும்போது, அந்த நொடியில் எந்தெந்தப் பரிவர்த்தனைகள் முடிந்திருந்தன என்று ஒரு குறிப்பு எடுக்கப்படுகிறது. ஒரு வரிசை உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்பதை இந்த இரண்டு எண்களையும் அந்தக் குறிப்பையும் ஒப்பிட்டே போஸ்ட்கிரெஸ் முடிவு செய்கிறது. ஆகவே கிடங்கில் ஒருவர் மாத இறுதி அறிக்கையை எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் இருப்பைத் திருத்தலாம். படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. பெரிய பரிவர்த்தனையைப் பாதியில் கைவிட்டாலும் திரும்ப மாற்ற எதுவும் இல்லாததால் உடனே முடிகிறது. ஆரக்கிள் தரவுத்தளமும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியும் வேறு வழியில் போகின்றன. அவை வரிசையை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டுப் பழைய வடிவத்தைத் தனி இடத்தில் வைக்கின்றன. அதனால் அட்டவணை வீங்குவது குறைவு, ஆனால் கைவிட்ட பரிவர்த்தனையைத் திருப்பியெடுக்க நேரமாகும்.

இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். பாதி வரிசைகளை அழித்தபோது அவற்றின் எக்ஸ்மேக்ஸ் நிரப்பப்பட்டது, அவ்வளவுதான். பிறகு தானியங்கி வேக்குவம் வந்து, இனி யாருக்கும் தேவைப்படாத வரிசைகளின் இடத்தைக் காலி என்று குறித்துவைக்கும். அந்த இடத்தை அதே அட்டவணையில் இனி வரும் வரிசைகள் நிரப்பும். இயக்குதளத்துக்குத் திரும்பக் கிடைப்பது, கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்கள் முழுவதும் காலியாக இருந்தால் மட்டும்தான். இடம் திரும்ப வேண்டும் என்று வேக்குவம் ஃபுல் கட்டளையை ஓட்டச் சொல்லி இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். அது அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும், அது முடியும்வரை யாரும் அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது, புதிய பிரதிக்கு டிஸ்க்கில் கூடுதல் இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற பதற்றத்தில் அதை ஓட்டுவது எவ்வளவு பொருத்தமற்றது என்று இதிலிருந்தே தெரியும். மாதாமாதம் பழைய பதிவுகளை நீக்குவதுதான் உங்கள் வழக்கம் என்றால், அட்டவணையை மாத வாரியாகப் பிரித்து வையுங்கள். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு நேரடி வசதி உண்டு. பழைய மாதத்தின் பகுதியை மொத்தமாக விடும்போது அதன் கோப்பே போய்விடும், இடமும் உடனே திரும்பும்.

மாற்றங்கள் அதிகமாக நடக்கும் அட்டவணையில் இன்னொரு செலவும் உண்டு. தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள் வரிசையின் இருப்பிடத்தைச் சுட்டுவதால், புதிய பிரதி எழுதும்போது எல்லா இண்டெக்ஸிலும் புதுப் பதிவு போட வேண்டியிருக்கும். 2008-இல் 8.3 பதிப்பு இதைப் பெரிதும் தணித்தது: இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசை எதுவும் மாறாமல், அதே எட்டு கிலோபைட் பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போடும் பழக்கத்தை, போஸ்ட்கிரெஸுக்கு மாறுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். 2016-இல் ஊபர் நிறுவனம் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்கியூஎல்லுக்குப் போனபோது வெளிப்படையாகச் சொன்ன காரணங்களில் இந்த எழுதும் சுமையும் ஒன்று. அவர்கள் சொன்னதில் எவ்வளவு நியாயம் என்பதில் போஸ்ட்கிரெஸ் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் கருத்து, அவர்கள் அளவுக்கு எழுதும் நிறுவனத்துக்கு அது உண்மையான குறை, ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது.

பொருட்டாக இருக்கக்கூடியது வேறு. பரிவர்த்தனை எண் 32 பிட் அளவுள்ளது, மொத்தம் சுமார் 4 பில்லியன். அது சுற்றி வரும்போது பழைய வரிசைகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவைபோல் தோன்றிவிடாமல் இருக்க, வேக்குவம் அவற்றை 'உறைந்தவை' என்று குறித்தாக வேண்டும். அட்டவணையில் இன்னும் உறையாத வரிசையின் வயது 200 மில்லியன் பரிவர்த்தனைகளைத் தாண்டினால், தானியங்கி வேக்குவத்தை நீங்கள் அணைத்து வைத்திருந்தாலும் அது தானே கிளம்பிவிடும். அதுவும் முடியாமல் போய் எல்லை நெருங்கினால், தரவைக் காக்கப் புதிதாக எதையும் எழுத போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இப்படித்தான் தடைபட்டது. ஆகவே வேக்குவம் சர்வரை மெதுவாக்குகிறது என்று யாராவது அதை அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடும்படி அமைப்பதுதான் வைத்தியம்.

பெர்க்லி காலத்து மிச்சம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் இயக்குதளத்தில் தனி செயல்முறை ஒன்று தொடங்குகிறது. ஒன்று தடுமாறினால் மற்றவற்றின் தனி நினைவகத்தைக் கெடுக்காது என்பது நன்மை, ஆயிரக்கணக்கில் இணைப்பு திறந்தால் தாங்காது என்பது தீமை. இயல்பான வரம்பு 100. அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாமல் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நடுவில் வையுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் மாற்றம் உங்களுக்கு நல்லதே. பழைய தரவுத்தளத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆரக்கிளாக இருந்தால், அங்கே நெடுவரிசை நீளம் இயல்பாகப் பைட் கணக்கில் அளக்கப்படும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட். போஸ்ட்கிரெஸ் குறியீடுகளை எண்ணும். 'தமிழ்' என்ற சொல் அதற்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். உண்மையான வம்பு 'கோபால்' போன்ற பெயர்களில் வரும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் சேர்த்து இரண்டாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் இரண்டும் சமமில்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும், தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து, இந்த இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. ஏற்றும்போதே எல்லாப் பெயரையும் அதன் வழியாக அனுப்பிவிடுங்கள். வரிசைப்படுத்தலுக்கு 10-ஆம் பதிப்பில் வந்த ஐசியு என்ற பன்மொழி நூலகத்தின் முறையில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வெறும் குறியீட்டு வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னால் இருப்பதால் அன்பு முதலிலும் அப்துல் பின்னாலும் வருவார்கள், அகராதி வரிசைப்படி அது தலைகீழ். லினக்ஸின் சொந்த வரிசைமுறையைப் பயன்படுத்தினால் இன்னொரு ஆபத்து: லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு அதை மாற்றியதால், இயக்குதளத்தை மேம்படுத்தியவர்கள் எழுத்து இண்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. கட்டாதவர்களுக்கு இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லும் வாய்ப்பு இருந்தது.

மேலாளரின் கேள்வியில் உறுதியானவை இவை. போஸ்ட்கிரெஸுக்கு உரிமையாளர் நிறுவனம் இல்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன. திட்டத்தை வழிநடத்தும் மையக் குழுவில் எந்த ஒரு நிறுவனத்தின் ஆட்களும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு, 2020-இல் ஈடிபி என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனம் செகண்ட் குவாட்ரண்ட் என்ற இன்னொன்றை வாங்கியபோது அந்த விகிதம் கெட்டதால் வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஒப்பிட வேண்டுமானால் மைஎஸ்கியூஎல்லைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால் 2008-இல் சன் வாங்கியது, 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது, அதை முதலில் எழுதியவரே மரியாடிபி என்று பிரிந்து போக நேர்ந்தது. போஸ்ட்கிரெஸை அப்படி வாங்க ஆள் இருந்தாலும் விற்க ஆள் இல்லை. அதே தளர்வான உரிமத்தால், பெரிய நிறுவனங்கள் நிரலை எடுத்து மூடிவைத்து விற்கவும் செய்கின்றன. அமேசானின் ரெட்ஷிஃப்ட் பழைய 8.0 பதிப்பிலிருந்து கிளைத்தது.

குறையை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கில் எழுதுவது தோற்றுப்போனால், அடுத்த முயற்சியில் லினக்ஸ் எல்லாம் சரி என்று பொய் சொல்லக்கூடும் என்பது 2018-இல் தெரியவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் அந்தப் பதிலை நம்பி வந்திருந்தது. எல்லா விவாதமும் பொதுவில் நடந்தது. 2019 பிப்ரவரி திருத்தத்திலிருந்து, அப்படி நேர்ந்தால் சர்வர் தன்னை நிறுத்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீண்டு எழுகிறது.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை யார் எடுப்பார் என்றால், பணம் கட்டியவருக்குத்தான் எடுப்பார்கள். ஆதரவு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அல்லது ஒருவரைப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ளலாம். உரிமத்தில் மிச்சமாகும் வெள்ளி முழுவதையும் லாபக் கணக்கில் எழுதிவிடாமல் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மொத்தத்தில் மலிவாக முடியுமா என்பதை பழைய தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த நிரல்கள் (stored procedures) உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்பதே தீர்மானிக்கும். ஆரக்கிளில் வெற்றுச் சொல்லும் மதிப்பின்மையும் (NULL) ஒன்று, இங்கே இரண்டும் வேறு. அந்த ஒரு வேறுபாடே பழைய நிரல்களில் பல வாரங்களைத் தின்றுவிடக்கூடும்.

உங்கள் சர்வரைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். யாரோ ஒரு பரிவர்த்தனையைத் திறந்து முடிக்காமல் விட்டிருந்தால், அது தொடங்கிய பின் இறந்த எந்த வரிசையையும் வேக்குவம் தொட முடியாது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சியில் மிகப் பழைய பரிவர்த்தனை எப்போது தொடங்கியது என்பதையும், பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ் என்ற காட்சியில் அந்த அட்டவணைக்கு இறந்த வரிசைகள் எத்தனை, கடைசி வேக்குவம் எப்போது என்பதையும் எடுத்து இங்கே போடுங்கள். இறந்த வரிசைகள் கிட்டத்தட்டச் சுழியமாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, காலி இடம் அடுத்த சரக்குப் பதிவுகளுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். இலட்சக்கணக்கில் இருந்தால், யார் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கிறார் என்று தேட வேண்டியதுதான்.